ஊர்த் தீர்ப்புக்கு யார் பலம் கொடுப்பது?



காணித் தகராறு, கூட்டு வியாபாரத்தில் பங்குப் பிரச்சினை என்றால் நம் பக்கத்தில் முதலில் பெரியவர்களிடம்தான் போவோம். காரைதீவில் கோயில் பெரியவர்கள், மாளிகைக்காட்டிலும் சாய்ந்தமருதிலும் பள்ளிவாசல் நிருவாகம். தீர்ப்புச் சொல்வார்கள், இருதரப்பும் கைகொடுத்துப் பிரிவோம். ஆறு மாதம் கழித்து ஒருவர் "தரமாட்டேன்" என்றால் என்ன வழி? இலங்கைச் சட்டம் இதற்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு பதில் சொல்லியிருக்கிறது.

பிரித்தானியர் 1866 இல் நடுத்தீர்ப்புக்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1889 இன் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையும் அதற்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. நடுவரின் தீர்ப்பு நீதிமன்றத்தில் தாக்கலாகி, அதன்படி தீர்ப்பாணை வந்தால்தான் அதற்குப் பலம்.

1958 இல் இணக்க சபைகள் வந்தன. அங்கே எட்டிய உடன்பாடு நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பாணை போலவே செல்லுபடியானது. 1970களின் இறுதியில் அவை ஒழிந்தன. 1988 இன் மத்தியஸ்த சபைச் சட்டம் அந்தப் பலத்தைக் கொடுக்கவில்லை. ஒருவர் வாக்கு மீறினால் சபை மீண்டும் முயலலாம். சரிவராவிட்டால் சான்றிதழ் தரும், அதைக் கொண்டு வழக்குப் போட வேண்டியதுதான்.

நமது காதிமாரின் நிலையும் இதற்குக் கிட்டத்தான். 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி காதி தாபரிப்புப் பணம் கட்டச் சொல்லலாம். கட்டாதவரிடம் அதைத் தண்டப்பணம் போல அறவிடுபவர் நீதவான்தான்.

இன்று நடுத்தீர்ப்பை ஆள்வது 1995 இன் 11 ஆம் இலக்கச் சட்டம். இணக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். தீர்ப்பும் எழுத்தில், நடுவர் கையொப்பத்துடன் இருக்க வேண்டும். வென்றவர் தீர்ப்பு வந்து 14 நாள் கழிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் மேல் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தோற்றவர் அதை இரத்துச் செய்யக் கேட்பதானால் தீர்ப்புக் கிடைத்து 60 நாளுக்குள். நீதிமன்றம் வழக்கைத் திரும்ப விசாரிக்காது. உரிய அறிவித்தல் கிடைத்ததா, நடுவர் தன் எல்லையைத் தாண்டினாரா, பொதுக் கொள்கைக்கு முரணா என்பன போன்ற சிலவற்றையே பார்க்கும். "நடுவர் பிழையாக முடிவெடுத்தார்" என்பது மட்டும் போதாது. 1962 முதல் இலங்கை நியூயோர்க் உடன்படிக்கையில் இருப்பதால் வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளையும் இங்கு நிறைவேற்றலாம்.

ஆக, வாய்வார்த்தையில் முடிந்த ஊர்த் தீர்ப்பை இந்தச் சட்டத்தின் கீழ் நிறைவேற்ற முடியாது. பெரும்பாலும் அதில் நட்டப்படுவது பணபலமில்லாதவர், விதவை, அநாதைப் பிள்ளைகள். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு சூரத்துல் பகரா சொல்வதை நாம் அறிவோம். பெரியவர்களிடம் போகுமுன் "இவர்களின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவோம்" என்று இருதரப்பும் எழுதி ஒப்பமிடுங்கள். முடிவையும் எழுதி வாங்குங்கள். திகதியைக் கவனியுங்கள், ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகிகள் இதை வாசித்தால், அடுத்த விசாரணைக்கு முன் ஒரு படிவம் தயாரித்து வையுங்கள்.