பேப்பரில் ஓடிய ப்ரோக்ராம்

1996இல் நெல்லைப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தேன். 1984இல் எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்துவிட்ட பிறகு முளைத்த கல்லூரிகளில் அதுவும் ஒன்று. டிகிரி கொடுப்பது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இப்படிப்பட்ட இன்ஜினியரிங் கல்லூரிகள் வந்தது 2001க்குப் பிறகுதான்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் லேபுக்குள் போகணும். உள்ளே ஏசி. அந்தக் குளிர் எங்களுக்கில்லை, மெஷினுக்கு. ஒரு மெஷினுக்கு மூன்று பேர். அதையும் உடனே தொட்டுவிட முடியாது. முதலில் ரெக்கார்டு நோட்டு. வலப்பக்கம் கோடு போட்ட தாளில் நோக்கம், அல்காரிதம், ப்ரோக்ராம். இடப்பக்கம் வெள்ளைத் தாளில் பென்சிலால் ஃப்ளோசார்ட், அவுட்புட். எல்லாம் பிசிக்ஸ் லேபிலிருந்து வந்த சம்பிரதாயம். கடைசியில், ப்ரோக்ராம் வெற்றிகரமாக இயங்கியது, முடிவு சரிபார்க்கப்பட்டது என்று ஒரு வரி. ஓட்டுவதற்கு முந்தின ராத்திரியே அந்த வரியை எழுதி முடித்துவிடுவோம் என்பது வேறு விஷயம்.

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எடுத்த சார் மட்டும் ரெக்கார்டைப் பார்த்து ஏமாற மாட்டார். லிங்க்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு போனால், "மொதல்ல பேப்பர்ல ஓட்டிப் பாருலே" என்பார். பக்கத்தில் கட்டம் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் வேரியபிளில் என்ன இருக்கிறது என்று எழுதிக் காட்டணும். டர்போ சி இருக்கிறது, எஃப்9 தட்டினால் தப்பைச் சொல்லிவிடுகிறது, இது எதற்கு என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவர் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு அட்டையை உருவித் தந்தார். பஞ்ச் கார்டு.

மேற்கு ஜெர்மனி உதவியில் எழுந்த சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 ஓடிய காலத்தில் எம்.டெக். படித்தவர் அவர். ஒரு கார்டில் 80 பத்திகள். ஃபோர்ட்ரானில் ஒரு வரிக்கு ஒரு கார்டு. முதல் ஐந்து பத்தி வரி எண்ணுக்கு. ஆறாவது, முந்தின வரியின் தொடர்ச்சி என்று காட்ட. ஏழிலிருந்து 72 வரை ப்ரோக்ராம். அதற்குப் பின்னால் இருப்பதை மெஷின் சீண்டாது. கார்டுக்கு வரிசை எண் போட அந்த இடம். வரிசை எண் போடாத கட்டு ஒன்றை மாடிப்படியில் தவறவிட்டு, ஒரு ராத்திரி முழுக்க அடுக்கியிருக்கிறார் சார். கட்டை ஜன்னலில் கொடுத்தால் பிரிண்ட் அவுட் மறுநாள். ஒரு கமா விட்டுப்போனால் ஒரு நாள் போச்சு. கட்டம் போட்ட கோடிங் ஷீட்டில் எழுதி, பேப்பரிலேயே ஓட்டிப் பார்க்காமல் யார் ஜன்னலுக்குப் போவார்கள்?

கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் இதே கதைதான். 1963இல் அங்கே ஐ.பி.எம். 1620 வந்தது. ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கே ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தார். 1969இல் அவர் எழுதிய பாடப்புத்தகம் வெளிவந்தது. இளநிலைப் படிப்பாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே வந்ததோ 1978இல். மெஷின் வந்து பதினைந்து வருஷம் கழித்து! அதற்குள் பேப்பர்ப் பழக்கம் வாத்தியார்களின் கையில் ஊறிவிட்டது. அவர்களிடம் படித்தவர்கள் எங்களுக்கு வாத்தியார்கள். செருப்பு, ஏசி, பேப்பர் மூன்றும் அப்படித்தான் எங்கள் லேபுக்கு வந்து சேர்ந்தன என்பது என் கணிப்பு.

அக்கா மகள் இப்போது இரண்டாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். கையில் லேப்டாப். ஆனாலும் லேப் தேர்வில் சீட்டு எடுத்து, ப்ரோக்ராமைப் பேப்பரில் எழுதி, எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின். போன மாதம் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தாள். பைத்தான். தாள் முழுக்க நெட்டுவாக்கில் மெல்லிசாகப் பென்சில் கோடுகள்.

"இது என்னம்மா?"

"பைத்தான்ல வரி உள்ள தள்ளி வர்ற இடம் பிசகுனா ப்ரோக்ராமே தப்பு மாமா. அதான் பத்தி பிரிச்சுக்கிட்டேன்."

பீரோவைத் திறந்து சாரின் கார்டைத் தேடினேன்.