மாவள் துப்பாக்கிச் சூடு (2011)

புணே மாவட்டத்தின் மாவள் வட்டத்தில், 2011 ஆகஸ்ட் 9 அன்று விவசாயிகள்மீது காவல்துறை சுட்டதில் ஒரு பெண் உட்பட மூவர் இறந்தனர். பவனா அணை நீரைத் தொழில்நகரமான பிம்பிரி-சிஞ்ச்வாடுக்கு மூடிய குழாயில் கொண்டுசெல்லும் திட்டமே பூசலுக்குக் காரணம். அதுவரை தண்ணீர் ஆற்றோடு போனது. கரையோரத்தார் மோட்டார் வைத்து வயலுக்கு இறைத்தார்கள். குழாயில் போனால் எதை இறைப்பது? மும்பை-புணே விரைவுச்சாலையை மறித்தார்கள். கல்லெறிந்ததால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை சொன்னது. காவலர்களே வாகனங்களை நொறுக்கும் காட்சிகள் தொலைக்காட்சியில் ஓடியபின் அந்த வாதம் அவ்வளவாக எடுபடவில்லை. நீதிபதி எம்.ஜி. கெய்க்வாட் ஆணையம் விசாரித்தது. நிறுத்திவைக்கப்பட்ட திட்டத்தின் மீதான தடையை அரசு 2023இல் நீக்கியது. கல்லெறிந்தார்கள் என்ற வாதம் புதிதல்ல: தமிழ்நாட்டில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கி 17 பேர் மாண்டபோதும் முதலில் பேசப்பட்டது கல்வீச்சுதான்.