எரிக்காத ராக்கெட் பிறந்த கதை

முத்தாண்டிக்குப்பத்துக்காரர்களுக்கு அனல்மின் நிலையம் புதிதல்ல. பக்கத்து நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. டர்பைனைச் சுழற்றுவதோ நீராவி. தண்ணீர் எரிவதில்லை, சூடாகிறது, அவ்வளவுதான்.

ராக்கெட்டையும் அப்படி ஓட்டலாமே என்று 1956-இல் சொன்னவர் கிராஃப்ட் எரிக்கே. ஜெர்மனியின் வி-2 ராக்கெட் குழுவில் இருந்து, போருக்குப் பின் அமெரிக்கா போனவர். அவர் யோசித்த கலத்துக்குச் சூரியனே அடுப்பு. பாதி வெள்ளிப்பூச்சுள்ள, காற்றடைத்த பிளாஸ்டிக் உருண்டைகள் வெயிலை ஓரிடத்தில் குவிக்கும். அங்கே ஹைட்ரஜன் சூடேறிப் பின்வழியே சீறிப் பாயும்.

எரிக்காமல் சூடாக்குவதில் என்ன லாபம்? ஹைட்ரஜனை ஆக்சிஜனோடு எரித்தால் வெளியேறுவது பெரும்பாலும் நீராவி. அதன் மூலக்கூறு எடை 18. வெறும் ஹைட்ரஜனுக்கு 2தான். ஒரே வெப்பத்தில் எடை குறைந்ததே வேகமாகப் பாயும். மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் நம் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினின் ஸ்பெசிஃபிக் இம்பல்ஸ், அதாவது ஒரு கிலோ உந்துபொருள் தரும் உந்துதலின் அளவு, சுமார் 440 வினாடி. சூரிய வெப்ப எஞ்சின் 800-ஐத் தொடும் என்பது கணக்கு. அதாவது, அதே ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலன்.

ஆனால் தரையிலிருந்து இதனால் கிளம்பவே முடியாது. உந்துவிசை அவ்வளவு சொற்பம். வேறொரு ராக்கெட் மேலே கொண்டுபோய் விட்டால், அங்கிருந்து உயர்ந்த சுற்றுப்பாதைக்கு வாரக்கணக்கில் மெல்ல நகர்த்தலாம்.

1980-களில் அமெரிக்க விமானப்படை, கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் தளத்தில் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து எஞ்சினைச் சோதித்தது. உருகாமல் தாங்க ரீனியம் உலோகம் பயன்பட்டது. 3,000 டிகிரி தாண்டித்தான் அது உருகும். 1990-களில் நாசாவின் மார்ஷல் மையம் 'ஷூட்டிங் ஸ்டார்' என்ற சோதனையை விண்வெளிக்கு அனுப்பத் திட்டமிட்டது; அது கிளம்பவே இல்லை.

தடையாக நின்றது எஞ்சின் அல்ல என்றே எனக்குப் படுகிறது. பெரிய கண்ணாடியைச் சூரியனை விட்டு இம்மியும் பிசகாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மைனஸ் 253 டிகிரி ஹைட்ரஜனை வாரக்கணக்கில் ஆவியாகாமல் காக்க வேண்டும். இந்த இரண்டாவது தலைவலியே வேண்டாம் என்றுதான், 2021-இல் தொடங்கிய போர்ட்டல் ஸ்பேஸ் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அம்மோனியாவை எடுத்துக்கொண்டிருக்கிறது. வேகத்தில் நஷ்டம்தான், சேமிப்பதில் நிம்மதி.

திரவ ஹைட்ரஜனைக் கையாண்டு பழகியவர்களும் வெற்றிடச் சோதனைக் கூடமும் மகேந்திரகிரியில் உண்டு. வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை. சின்னதாக ஓர் எஞ்சினையாவது இஸ்ரோ செய்து பார்க்க வேண்டும்.