பழைய சுழல்துப்பாக்கியும் பொருந்தும் தோட்டாவும்

உயர்மலைப் பகுதியில் வாழும் நமக்குத் துப்பாக்கியின் பெயர் புதிதன்று. 1877இல் பூஞ்சார் அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோவுக்கு அளித்த பின்னர், இங்கு வந்த தோட்டத் துரைமார் பலர் வேட்டைப் பிரியர்களாயிருந்தனர். அக்காலத்துச் சுழல்துப்பாக்கியொன்று பழம்பெட்டியில் கிடைத்தால், ‘இதற்கு எந்தத் தோட்டா பொருந்தும்?’ என்ற வினாவே முதலில் எழும். அறைக்குள் நுழையும் தோட்டாவெல்லாம் ஏற்ற தோட்டா ஆகிவிடாது. வெடிமருந்தின் வரலாறு நமக்கு இதனை உணர்த்துகிறது.

வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் கலந்த கருமருந்தே பல நூற்றாண்டுகள் ஆட்சி செய்தது. 1884இல் பிரெஞ்சு அறிஞர் பால் வியேய் புகையிலா மருந்தைக் கண்டார். 1889இல் ஏபலும் டூவாரும் கார்டைட்டை உருவாக்கினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நீலகிரியின் அருவங்காட்டிலேயே கார்டைட் தொழிற்சாலை எழுந்தது. புதிய மருந்து சிறிதளவிலேயே மிகுந்த அழுத்தம் தருவது. கருமருந்துக்கென அமைந்த பழைய உருளை அதைத் தாங்காமல் சிதறலாம். சுடுபவரின் கையும் கண்ணும் போகலாம்.

வெப்ளி துப்பாக்கியின் கதை இதற்குச் சான்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், .455 அளவு வெப்ளிகள் பல அமெரிக்காவில் விற்கப்பட்டன. அங்கே உருளையின் பின்புறத்தைத் தேய்த்து, .45 தானியங்கித் தோட்டாவை நுழைத்தனர். அத்தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 21,000 பவுண்டு. வெப்ளிக்கு வகுத்த அளவை வெகுவாக மிஞ்சியது. தோட்டா நுழைந்தது, ஆனால் பொருந்தவில்லை.

ஆகவே, வல்லுநர் முதலில் சோதனை முத்திரைகளை நோக்குவார். 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலை, மிகையான மருந்திட்டுச் சுட்டுப் பார்த்த துப்பாக்கிக்கே முத்திரை இடுவது வழக்கம். பிற்காலத்தில் புகையிலா மருந்துக்கெனத் தனி முத்திரையும் வந்தது. அது காணப்படாவிடில் அம்மருந்துத் தோட்டாவை இடலாகாது. முத்திரை இருந்தாலும் போதாது. அறையின் விட்டம், குழலின் விட்டம், துருவின் அரிப்பு, உருளையின் ஆட்டம் ஆகியவற்றையும் அளந்து காணவேண்டும்.

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது நீக்கினாலும் சுடவியலாத பழம்பொருளுக்கே விலக்கு அளிக்கிறது. சுடவல்லதாயின் உரிமம் வேண்டும், தோட்டாவுக்கும் அவ்வாறே. எனவே, பெட்டியில் கிடைத்ததை நாம் சோதித்துப் பாராமல் காவல் நிலையத்தில் தெரிவிப்பதே அறிவுடைமை. முன்னோர் விட்டுச் சென்ற பொருளை மதிப்போம். நம் பிள்ளைகளின் கைகளை அதனினும் மேலாக மதிப்போம்.