ஆத்தங்குடித் தளக்கல்

ஆத்தங்குடித் தளக்கல் என்பது சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் சிமெண்ட் பூக்கல். சூளையில் சுடாமலே பளபளப்பது இதன் தனிச்சிறப்பு.

தோற்றம்

ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் தென் ஐரோப்பாவில் வண்ணச் சிமெண்ட் தளக்கற்கள் உருவாகி, 1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்றன. பர்மா, மலாயா, இலங்கையில் லேவாதேவி செய்த நகரத்தார் எனும் வணிகச் சமூகத்தினர், 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டில் பெருவீடுகள் எழுப்பினர். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கப்பலில் வந்தன. அவற்றுக்கு ஈடான தளத்தை உள்ளூர்க் கைவினைஞர்கள் அந்த வண்ணச் சிமெண்ட் முறையில் ஊர் மணலைக் கொண்டே வார்த்தனர்.

செய்முறை

சதுரக் கண்ணாடியின்மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் தகட்டாலான பூ அச்சைப் பொருத்துவர். குழம்புபோல் கரைத்த வண்ணச் சிமெண்டை அறை அறையாக ஊற்றியதும் அச்சைத் தூக்கிவிடுவர். கை நடுங்கினால் வண்ணம் கலந்துவிடும். ஈரம் உறிஞ்ச உலர்ந்த மணல்-சிமெண்ட் கலவையைத் தூவி, அதன்மேல் காரை நிரப்பி அழுத்துவர். இப்போது பூ முழுவதும் காரைக்கு அடியில். கல்லின் முகம் கண்ணாடியில் கவிழ்ந்து கிடக்கிறது. இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, கண்ணாடி பிரிந்த பிறகே செய்தவர் தம் பூவை நேருக்கு நேர் காண்கிறார். கண்ணாடியின் வழவழப்பு கல்லில் அப்படியே இறங்கியிருக்கும்.

வடிவங்கள்

மலர், இலை, கொடி, நட்சத்திரம், கட்டம் ஆகியவை வழக்கமானவை. சில கற்களில் கால் பூ மட்டுமே இருக்கும். நான்கு கற்கள் மூலை சேரும்போது பூ முழுமையாகும். வாசலில் கோலம் விரிவதுபோல, ஒரே அலகு திரும்பத் திரும்ப வந்து கூடத்தை நிறைக்கிறது. சுவரோரத்துக்குத் தனிக் கரைக்கற்கள் உண்டு.

பிற்காலம்

1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும், 1960களில் அங்கு நடந்த தேசியமயமாக்கலும் நகரத்தார் செல்வத்தை உலுக்கின. பெருவீடு கட்டுவது ஓய்ந்தது. மொசைக்கும் செராமிக்கும் சந்தையைப் பிடித்தன. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இன்று பழைய வீடுகளைப் புதுப்பிப்போரும் புது வீடு கட்டுவோரும் இக்கல்லைத் தேடி வருகின்றனர். தேங்காய் எண்ணெய் சில துளி விட்டுத் துடைப்பது வீட்டு வழக்கம். ஆள் புழங்கப் புழங்க மெருகு கூடும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மங்கும் தளம், மனிதர் நடமாடும் வீட்டில் ஒளிர்கிறது.