720 சுற்று, ஒரு மைல்

1895-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கர்ட்டிஸ் வீடர் தயாரித்த சைக்ளோமீட்டர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்சக்கர அச்சின் ஓரத்தில் அதை மாட்டுவார்கள். ஸ்போக்ஸ் கம்பியில் ஒரு சின்ன முள். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த முள் மீட்டரின் நட்சத்திரப் பல்லைத் தட்டிவிட்டுப் போகும். 28 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 720 முறை சுற்றினால் ஒரு மைல். உள்ளிருக்கும் பல்சக்கரங்கள் தட்டல்களை எண்ணி மைலாக்கிக் காட்டும். வேகத்தை அது காட்டாது. வேகம் வேண்டுமென்றால் சட்டைப்பை கடிகாரத்தை எடுத்து நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு நான்காண்டுகள் முன்பு, 1891-ல், பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் முதல் பந்தயம் நடந்தது. சுமார் 1,200 கிலோமீட்டர். சார்ல் தெரோன் தூங்காமல் மிதித்து, 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வென்றார். சராசரி மணிக்கு 17 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எந்த ஊரை எத்தனை மணிக்குத் தாண்டினார் என்பதுதான் அன்றைய கணக்கு.

1980-களில் ஜப்பானின் கேட்ஐ, அமெரிக்காவின் அவோசெட் போன்ற நிறுவனங்களின் மின்னணு மீட்டர்கள் பரவின. ஸ்போக்ஸில் காந்தம், ஃபோர்க்கில் சென்சார். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, அந்தக் கணத்தின் வேகத்தை அவை கண்முன்னே நிறுத்தின. டயரின் சுற்றளவை மில்லிமீட்டரில் நாம்தான் பதிய வேண்டும். 25 மில்லிமீட்டர் அகல டயருக்கு 2,105. 23 டயருக்கு 2,096. மாற்றிப் பதிந்தால் சுற்றுக்கு 9 மில்லிமீட்டர்தான் பிசகு. ஆனால் 600 கிலோமீட்டர் ரைடு முடியும்போது அது இரண்டரை கிலோமீட்டராகிவிடும்.

2000 மே மாதம் அமெரிக்க அரசு, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை நீக்கியது. நூறு மீட்டர் வரை தடுமாறிய இடக்குறிப்பு பத்திருபது மீட்டருக்குள் வந்தது. சில ஆண்டுகளில் கார்மின் நிறுவனத்தின் எட்ஜ் 205, 305 ஜிபிஎஸ் மீட்டர்கள் ஹேண்டில்பாரில் ஏறின. இப்போது அளப்பது 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் துணையோடு. டயர் அளவு தேவையில்லை. ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், சில விநாடிக்கு ஒரு புள்ளி மட்டும் பதியும்படி வைத்திருந்தால், புள்ளிகளுக்கு இடையே கோடு நேராக ஓடி வளைவை வெட்டிவிடும். தூரம் குறையும். அங்கே சக்கர சென்சாரைத்தான் நம்புவேன்.

நெடுந்தூர ரைடர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாரிஸின் ஆடாக்ஸ் சங்கம் பிரெவே எனும் நெடுந்தூர ரைடுகளுக்கு வகுத்த விதிப்படி 200 கிலோமீட்டருக்கு 13.5 மணி நேரம், 300-க்கு 20, 400-க்கு 27, 600-க்கு 40. டீ குடித்தது, பஞ்சர் ஒட்டியது, பெட்ரோல் பங்க் ஓரம் கண்ணயர்ந்தது எல்லாம் இந்த நேரத்துக்குள் அடக்கம். கருவியின் சராசரி வேகக் கணக்கோ நாம் நின்றவுடன் தானும் நின்றுவிடுகிறது. 400 கிலோமீட்டரை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்து, வழியில் 11 மணி நேரம் நிற்பவர் நேரம் தாண்டிவிடுவார். 20 வேகத்தில் மிதித்து 6 மணி நேரம் நிற்பவர் முடித்துவிடுவார். முதலாமவரின் திரையில் கடைசிவரை 24 என்றே இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது, திரையில் 17 என்று பார்த்ததும் பதறி மிதித்துக் கால் பிடித்துக்கொண்ட இளைஞர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் பக்கத்திலிருந்து வேகத்தை எடுத்துவிடுங்கள் தம்பி. வந்த தூரம், புறப்பட்டதிலிருந்து ஆன நேரம், இந்த இரண்டும் போதும். அடுத்த கன்ட்ரோலை, அதாவது வருகையைப் பதியும் இடத்தை, எட்ட வேண்டியது எத்தனை மணிக்குள் என்பதை மனசுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள். வீடர் மீட்டரும் சட்டைப்பை கடிகாரமும் தந்த அதே இரண்டு எண்கள். நீண்ட பாதைக்கு இவற்றைவிட நேர்மையான கணக்கு இன்றுவரை வரவில்லை.