போலராய்டு உடனடி ஃபிலிம்

இருட்டறைக்குப் போகாமல், எடுத்த சில நிமிடங்களில் தானே உருப்பெறும் ஒளிப்படத்தைத் தரும் ஃபிலிம். உருவாக்கியவர் அமெரிக்க விஞ்ஞானி எட்வின் லேண்ட் (1909–1991). டிஜிட்டல் காலத்தில் ஃபிலிம் பிழைப்பது எதனால் என்பதை இதன் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இப்போது எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியவில்லை என்று 1943இல் லேண்டின் சிறுவயது மகள் கேட்டாள். எண்ணம் அங்கே பிறந்தது என்று அவர் சொல்லிவந்தார். 1947 பிப்ரவரியில் நியூயார்க்கில் அதைச் செய்து காட்டினார். மறு ஆண்டு நவம்பரில் பாஸ்டனில் கேமரா விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் படத்தை நெகட்டிவிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். 1972இல் வந்த எஸ்எக்ஸ்-70 கேமராவின் ஃபிலிம் அந்த வேலையையும் நீக்கியது. நெகட்டிவ், படம், வேதிப்பொருள் எல்லாமே ஒரே அட்டைக்குள் அடங்கின. அட்டை வெளிவரும்போது இரண்டு உருளைகள் அதை அழுத்தும். வெள்ளை விளிம்பின் அடியிலுள்ள சிறு பை உடைந்து, களிம்பு போன்ற கலவை அடுக்குகளுக்கிடையே பரவும். அதிலுள்ள ஒரு சாயம் வெளிச்சத்தை மறித்து நின்று, வேலை முடிந்ததும் நிறமிழக்கும். பட்டப்பகலில், கையில் வைத்தபடியே படம் தெளிவதைப் பார்க்க முடிந்தது அந்தச் சாயத்தால்தான். ஒளிப்பட வேதியியலில் இதற்கு நிகரான சாதனைகள் மிகச் சில.

டிஜிட்டல் கேமரா பரவியபோது போலராய்டு நிறுவனம் சரிந்தது. 2001இல் திவால் மனு. 2008 பிப்ரவரியில் ஃபிலிம் உற்பத்தியை நிறுத்தும் அறிவிப்பு. மூடவிருந்த நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலை இயந்திரங்களை, அந்த ஆலையில் பணியாற்றிய ஆந்த்ரே போஸ்மனும் வியன்னாவைச் சேர்ந்த ஃப்ளோரியன் காப்ஸும் கூட்டாளிகளோடு வாங்கினார்கள். பழைய ஊழியர்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். புதிய முயற்சிக்கு ‘இம்பாசிபிள் ப்ராஜெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். இயந்திரம் இருந்தது, ஆனால் நெகட்டிவும் பல வேதிப்பொருள்களும் தயாரித்துத் தந்த ஆலைகள் இல்லை. ஃபிலிமைப் புதிதாகவே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

2010இல் வந்த முதல் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மறைப்புச் சாயம் போதவில்லை. படம் வெளிவந்த கணமே வெளிச்சம் படாமல் மூட வேண்டும். கறையும் மங்கலும் சகஜம். அப்படியிருந்தும் வாங்கினார்கள், அந்த வாடிக்கையாளர்களின் பொறுமையில்தான் ஃபிலிம் ஆண்டுக்காண்டு தேறியது. இம்பாசிபிள் ப்ராஜெக்டின் பெரும் பங்குதாரரான போலந்துக் குடும்பம் 2017இல் போலராய்டு என்ற பெயரையே வாங்கியது. 2020 முதல் என்ஸ்கெடேயில் உற்பத்தியாகும் ஃபிலிம் மீண்டும் ‘போலராய்டு’ என்றே விற்கிறது. முன்பு ஒரு பெட்டியில் 10 படங்கள் இருந்தன, இப்போது 8.

உடனடிப் படச் சந்தையின் பெரும்பங்கு இன்று ஃபியூஜிஃபிலிம் 1998இல் தொடங்கிய இன்ஸ்டாக்ஸிடம் இருக்கிறது. ஆக, வாங்குபவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆபத்து உற்பத்திப் பக்கம்தான்: இயந்திரம் பழைய இரும்புக்குப் போய், அதை ஓட்டத் தெரிந்தவர்களும் கலைந்துவிட்டால் ஃபிலிமை மீட்பது மிகக் கடினம். உரித்தெடுக்கும் வகைக்கு அதுதான் நேர்ந்தது. அதன் கடைசிப் பெரிய தயாரிப்பாளரான ஃபியூஜிஃபிலிம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. காப்ஸ் நேரில் பேசிப் பார்த்தும் பயனில்லை. பிறகு அவர் வியன்னாவில் அந்த வகை ஃபிலிமைக் கையாலேயே செய்யத் தொடங்கினார், பெட்டிக்கு ஒரே ஒரு படமாக.